முதலில் ஓடுகிறவள்

அவளால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. அதன் ஓரமாக நின்றிருந்தாள்.

எதிரணிக்குப் பெனால்டி கார்னர்.

கோல் கோட்டின் மேல் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் குனிந்து நின்றார்கள். ஓரத்திலிருந்து பந்து தள்ளப்பட்டதும் அவர்களில் ஒருத்தி எல்லோருக்கும் முன்னால் பாய வேண்டும். அடிக்கப்போகிறவளை நோக்கி, நேராக. பந்து கிளம்புகிற இடத்துக்கே போய் அதன் வழியை அடைக்க வேண்டும்.

மாவட்ட ஹாக்கி அணியில் இத்தனை வருடமாக அது பெஞ்சோரம் நின்றவளின் வேலை.

இன்று அங்கே மாரீஸ்வரி நின்றாள். பதினாறு வயது. போன மாதம்வரை ஜூனியர் அணியில் ஆடியவள். சீனியர் ஜெர்சி அவள் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது.

பயிற்சியாளர் ஜெபராஜ் போன மாதம் ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மாரீஸ்வரிய சீனியருக்கு ஏத்திரலாமா? நீ என்னம்மா நினைக்க?"

மாரீஸ்வரி மாதிரி ஓடுகிற இன்னொரு பெண்ணைக் கோவில்பட்டியில் அவள் பார்த்ததில்லை. வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஆனால் வேகம் பிடித்ததும் அந்தப் பெண்ணின் இடது கை மட்டையைத் தாண்டி முன்னால் வந்துவிடும். ஜூனியரில் பரவாயில்லை. அங்கே பந்து அவ்வளவு வேகமாக வராது.

அதைச் சொன்னாள்.

"கை முன்னால வருது சார். இன்னும் ஒரு வருஷம் ஜூனியர்லயே ஆடட்டும். அதுக்கப்புறம் அவள யாரும் பிடிக்க முடியாது."

ஜெபராஜ் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர் தோளைத் தட்டுவது போல ஒரு சிரிப்பு.

"உனக்கு அப்படித்தாம்மா தோணும்."

 

இனி என்ன சொன்னாலும், முப்பதை நெருங்குகிற ஒருத்தி தன் இடத்துக்காகப் பேசுவதாகத்தான் கேட்கும். கையைப் பற்றி மறுபடி சொன்னால் பொறாமை. நானே ஓடுகிறேன் என்றால், அடிபட்ட அந்த முழங்காலை வைத்துக்கொண்டா என்பார்கள். சும்மா இருந்தால் சம்மதம்.

பொறாமை இல்லை என்றும் அவளால் சொல்ல முடியவில்லை. வாயைக் கட்டிப்போட்டது அதுதான்.

அதன் பிறகு பயிற்சியில் தினமும் மாரீஸ்வரியின் பின்னாலேயே நின்றாள். "கைய உள்ள வை" என்றாள். "சரிக்கா" என்றாள் அந்தப் பெண். ஓரிரண்டு ஓட்டம் ஒழுங்காக வரும். அடுத்ததில் பந்தின் மேல் ஆசை வந்துவிடும். கை முன்னால் போய்விடும்.

ஒரு வருடத்துக்கான வேலை அது.

விசில்.

பந்து தள்ளப்பட்டது. மாரீஸ்வரி புறப்பட்டாள். எல்லோரும் கிளம்பியபோது அவள் பாதித் தூரம் போயிருந்தாள். பார்வையாளர்கள் பக்கத்திலிருந்து ஓவென்று ஒரு சத்தம் எழுந்தது.

பெஞ்சோரத்திலிருந்து "கை" என்றாள் அவள். யாருக்கும் கேட்டிருக்காது.

அடித்த பந்து வலைக்குப் போகவில்லை. எங்கோ தெறித்து வெளியே உருண்டது.

கோல் தப்பியது. கைதட்டினார்கள்.

மாரீஸ்வரி முழங்காலிட்டிருந்தாள். எழுந்தாள். தொடர்ந்து ஆடத்தான் பார்த்தாள். மட்டை விரலில் நிற்காமல் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி விழுந்தது.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அவளை வெளியே அனுப்பினார்.

கையுறையைக் கழற்றியபோது இரண்டு விரல்கள் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தன. மருத்துவ உதவிக்கு இருந்தவர் அதற்குமேல் தொடாமல், கையைத் துணியில் ஏந்திக்கொண்டார்.

மாரீஸ்வரி அழவில்லை. அக்காவைத் தேடினாள்.

"அக்கா."

"இருக்கேன்."

"நான் ரெடின்னு நீங்கதான் சொன்னீங்களாம்லா. சார் சொன்னாங்க."

ஜெபராஜ் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். திரும்பவில்லை. மைதானத்தைப் பார்த்துக் கைதட்டி, "ஆள விடாத, ஆள விடாத" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"அக்காவே சொல்லிட்டாங்கன்னுதான்..." மாரீஸ்வரிக்கு மூச்சு வாங்கியது. "பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நிக்கல. பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் சொன்னது வேறு. நான் வேண்டாம் என்றேன்.

அந்தப் பெண் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்தாள்.

"பாத்தேன்" என்றாள் அவள். "நல்லா ஓடுன."

மாரீஸ்வரி சிரித்தாள். அப்போதுதான் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. இருவர் இரண்டு பக்கமும் பிடித்து அவளைக் காருக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

ஜெபராஜ் இப்போது திரும்பினார். அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் ஷூவைப் பார்த்துச் சொன்னார்.

"போம்மா. இறங்கு."

இறங்கினாள். பார்வையாளர்கள் பக்கத்தில் அவளைத் தெரிந்தவர்கள் சிலர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். ஒருவர் விசிலடித்தார். ஒரு குரல் தனியாகக் கேட்டது. "இடம் கிடைச்சிருச்சுல்ல அவளுக்கு."

ஆட்டம் மறுபடி சூடு பிடித்தது. எதிரணி கோல் முன் வட்டத்துக்குள் புகுந்தது. இந்தப் பக்கத்தில் யாரோ ஒருத்தி காலில் பந்து பட்டது.

பெனால்டி கார்னர்.

வலைக்குப் பின்னால், கார்னருக்கு மாட்டுகிற முகக்கவசங்கள் கிடந்தன. முதலில் ஓடுகிறவளுக்கானதை எடுத்து மாட்டினாள். ஏறவில்லை. பட்டை ஒரு சின்னத் தலைக்கு அளவாக இறுக்கப்பட்டிருந்தது. உள்பக்கம் இன்னும் ஈரம்.

அதைத் தளர்த்த அவளுக்குக் கை வரவில்லை.

நடுவர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார்.