கேபின் கதவுக்கு ஒருவர் குறைவு

"தலைமைப் பண்பு ரத்தத்தில் இருக்க வேண்டும். பதவியாலோ சலுகையாலோ அது வராது" என்று புது மேனேஜர் தில்லைநாயகம் முதல் நாள் காலை ஒன்பதரைக்கே அறிவித்துவிட்டார்.

எங்கள் ஆபீசில், ஊழியர்களில் பாதிப் பேராவது மனசார மதித்தால்தான் மேனேஜரின் கேபின் கதவு திறக்கும். பத்து மணிக்குள் திறக்காவிட்டால் அவர் மேனேஜர் இல்லை.

நூர்ஜஹான் அக்கா, தங்கை நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டார்.

"பழைய மேனேஜர் தினமும் யாருக்காவது லீவு கொடுத்துட்டுத்தான் உள்ளே போவாராமே? அதெல்லாம் ஒரு பொழைப்பாம்மா?" என்று சிரித்து, மனுவைத் திருப்பிக் கொடுத்தார். நாங்களும் சிரித்தோம். கதவு சிரிக்கவில்லை.

அதன் முன் நின்று தொலைநோக்கு பற்றிக் கால் மணி நேரம் பேசினார். கைதட்டினோம்.

'ஒருவர் குறைவு' என்றது கதவு.

பத்தாக இரண்டு நிமிடம் இருக்கும்போது அக்காவின் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மூணு நாள் போதுமாம்மா?"

"மூணு நாளுக்கு மரியாதை வர மாட்டேங்குது சார். அஞ்சுன்னா வரும்னு தோணுது."

கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவின் பேனாவையே வாங்கி, சத்தமில்லாமல் ஐந்து என்று எழுதினார்.