திறமைக் குறைவு

"கொஞ்சம் நில்லுங்க! இந்தப் பலகையைப் படிச்சுட்டு அப்புறம் போங்க. இங்கே ஒரு மனுஷனை ரெண்டாவது தடவையா கொல்லப் போறாங்க!"

மதுமதி அம்மாளின் குரல் தகரக் கொட்டகையில் மோதி எதிரொலித்தது. கரோல் பாக்கிலிருந்து குழந்தைகளோடு வந்திருந்த தமிழ்க் குடும்பம் திகைத்து நின்றது.

வாசகரே, நீங்களும் நில்லுங்கள், நீங்களும் படியுங்கள். தில்லியின் ஓரத்தில், யாரும் அதிகம் எட்டிப் பார்க்காத சிறிய விமான அருங்காட்சியகம் அது. நடுவே, துணி போர்த்திய இரட்டை இறக்கைகளோடு, மூக்கு நசுங்கிய பழைய பயிற்சி விமானம். அருகே பலகை: "தோல் பதனிடும் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்த முதல் விமானி ஜோதிலிங்கம், 1964இல் இவ்விமானத்தை வீழ்த்தி உயிரிழந்தார். காரணம்: விமானியின் திறமைக் குறைவு."

திறமைக் குறைவு! இரண்டே சொற்கள். அவற்றைக் காட்டித்தான், அதே குடியிருப்பிலிருந்து அடுத்து வந்த இளைஞர்களைப் பறக்கும் பயிற்சிக் கழகம் வாசலிலேயே திருப்பியனுப்பியது. "உங்க ஆளு ஓட்டின லட்சணம்தான் தெரியுமே!" என்று சிரித்தது.

"அம்மா, வந்தவங்களை ஏன் கலவரப்படுத்தறீங்க?" என்றபடி நிர்வாகி விஸ்வநாதன் விரைந்து வந்தார். ஆறு மாதமாகச் செவ்வாய்தோறும் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து பஸ் பிடித்து வந்து, விமானத்தின் முன் ஒரு பூவை வைத்துவிட்டு மௌனமாக நிற்கும் அந்த எழுபது வயதுப் பெண்மணியை அவர் நன்கறிவார். அங்கே எல்லோருக்கும் அவர் 'ஜோதிலிங்கம் பொண்ணு'.

"கெவின் தம்பி, விமானத்தைத் திருப்புற அந்தக் கைப்பிடியை இன்னொரு தடவை சாய்ச்சுக் காட்டுங்க," என்றார் மதுமதி.

சீரமைப்பாளன் கெவின், விமானி இருக்கைக்குள் குனிந்தான். முந்தைய நாள் தரைப்பலகையைக் கழற்றியபோது கோளாறைக் கண்டுபிடித்து, சற்றுமுன் மதுமதியிடமும் காட்டியவன் அவன்தான். "இடப்பக்கம் சாய்ச்சா, இடது இறக்கையோட பின்னோரத்து மடல் மேலே எழும்பணும் சார். இது கீழே போகுது பாருங்க. மடலை இழுக்கிற கம்பி ரெண்டையும் குறுக்கே மாத்தி மாட்டியிருக்காங்க. இடப்பக்கம் திருப்பினா வலப்பக்கம் கவிழும். எவன் ஓட்டினாலும் விழும்!"

"அதனாலதான் சொல்றேன், ஜல்தி நேராக்கு," என்றார் விஸ்வநாதன். " நாளைக்கு அமைச்சர் வந்து கைப்பிடியை அசைச்சுப் பார்ப்பார். தப்பா அசைஞ்சா நம்ம மானம் போயிடும்."

"நேராக்கினா, செத்தவருக்கு இருக்கிற ஒரே சாட்சியும் போயிடும் சார். நான் போன்ல படம் எடுத்து வச்சிருக்கேன்..."

"நீயே மாத்தி மாட்டிப் படம் எடுத்தேம்பாங்க. விபத்து நடந்த அன்னிக்கே மெக்கானிக் பரிசோதிச்சு, 'கம்பிகள் சரியாக உள்ளன; விமானியின் திறமைக் குறைவே காரணம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். உன் போன் பெரிசா, அந்தக் காகிதம் பெரிசா? நேராக்கறியா, இல்லை நாளையிலேருந்து வேலையில்லாம உன் முனிர்கா ரூம்லயே உட்கார்ந்துக்கறியா?"

மதுமதி குறுக்கே வந்து நின்றார். "கால்ல விழறேன் சார். உடைஞ்சது உடைஞ்சபடியே இருக்கட்டும். அதை அப்படியே காப்பாத்தத்தானே இந்த இடத்தையே கட்டியிருக்கீங்க?"

"அச்சா! அப்பா பேரைக் காப்பாத்தத் துடிக்கிறீங்க, புரியுது. அறுபது வருஷத்துக்கு அப்புறம் இதனால யாருக்கும்மா என்ன ஆகப் போகுது?"

"அப்பா பேச்சை விடுங்க சார்."

ஓராண்டு வேலையின்றி இந்நகரில் அலைந்தவன் கெவின்; மறுக்கும் துணிவு அவனுக்கு வரவில்லை. திருகாணிகள் கழன்றன. கம்பிகள் இடம் மாறின. துருவேறியும் பொய் சொல்லாமல் அறுபது ஆண்டுகள் காத்திருந்த இரும்பின் வாய், பத்தே நிமிடத்தில் அடைக்கப்பட்டது.

விஸ்வநாதன் கைப்பிடியைச் சாய்த்தார். மடல் பணிவோடு மேலெழுந்தது.

"பார்த்தீங்களா? எல்லாம் சரியாத்தானே இருக்கு!"

விவரம் அறியாத குழந்தைகள் கைதட்டினார்கள்.

மதுமதி அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார். "அன்னிக்கும் இதையேதான் சொன்னாங்க. அந்த மெக்கானிக் எழுதினது அத்தனையும் பொய்."

"பொய்யின்னு உங்களுக்கு யாரும்மா சொன்னா?"

"அவரேதான் சொன்னார். சாகறதுக்கு முந்தின நாள், என் கையைப் பிடிச்சுக்கிட்டு. அதுக்கப்புறம் முப்பது வருஷம் நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

விஸ்வநாதன் கைப்பிடியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ஜோதிலிங்கம் எனக்கு ஒரு உறவும் இல்லை சார். கம்பியை மாத்தி மாட்டிட்டு, பழியைச் செத்தவர் தலையில போட்டுக் கையெழுத்தும் போட்ட அந்த மெக்கானிக்தான் எங்கப்பா." மதுமதி எழுந்து, கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "பலகையைப் படிச்சுட்டுச் சும்மா போகாதீங்க. யார் எழுதினதுன்னு கேளுங்க. என்னைக் கேளுங்க!"