எடுத்தது நான்தான்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் குற்றவாளிக் கூண்டுக்குள்ளேயே நின்றார். மைக் ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் தையல் மெஷின் திருடியவர், இரவல் கோட்டில், மாப்பிள்ளை கணக்காக.

மொழிபெயர்ப்பாளரின் தொழிலில் இரண்டு விதி. யார் பேசினாலும் ஆங்கிலத்தில் ‘ஐ’, அதாவது ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று இழுக்கக் கூடாது. தன்னைக் குறிப்பதானால் மட்டும் ‘மொழிபெயர்ப்பாளர்’.

அன்று பத்து மணிக்கு அந்த ‘ஐ’ கணவனை விட்டு வந்த பெண். பதினோரு மணிக்குக் குடித்துவிட்டு லாரி ஓட்டியவர். பன்னிரண்டுக்குத் தையல் மெஷின்.

நீதிபதி அன்றுதான் மாற்றலாகி வந்தவர். தமிழ் சுத்தமாகத் தெரியாது.

திருடர் முணுமுணுத்த நாலு வார்த்தையை, மொழிபெயர்ப்பாளர் குரல் தழுதழுக்க ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி அவரையே உற்றுப் பார்த்து, ஆறு மாதம் என்றார்.

“பின்னிட்டீங்கண்ணே,” என்று காதருகே சொன்னார் திருடர். “நானே பேசியிருந்தாகூட இவ்வளவு உருக்கமா வந்திருக்காது.”

மொழிபெயர்ப்பாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும்.

‘மொழிபெயர்ப்பாளர் நிரபராதி’ என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவரை யார் குறை சொன்னது, உன் கதையைச் சொல் என்றார் நீதிபதி.

மொழிபெயர்ப்பாளர் விதியை மீறி, ‘ஐ’ திருடவில்லை என்றார். குற்றவாளி கடைசி நேரத்தில் பல்டி என்று எழுத்தர் குறித்துக்கொண்டார்.

போலீஸ்காரர் வந்து மொழிபெயர்ப்பாளரின் கையைப் பிடித்ததும் திருடருக்கே மனசு கேட்கவில்லை.

“இவர விட்டுடுங்கய்யா. எடுத்தது நான்தான்.”

என்ன சொன்னார் என்று எல்லோரும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்கள்.

சத்தியம் செய்து வேலைக்கு வந்தவர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

இவரை விட்டுவிடுங்கள், எடுத்தது ‘ஐ’ என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நீதிபதிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவனா என்று மெச்சி, கோட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பினார்.

நாலு மணிக்கு, ‘மொழிபெயர்ப்பாளர் ஒரு போன் பேச வேண்டும்’ என்று கம்பி வழியே கேட்டார். தாராளமாகப் பேசட்டும், எங்கே அவர் என்றார் காவலர்.

அன்றைய பதிவேடு இன்னும் இருக்கிறது. குற்றவாளி ஆங்கிலம் சரளமாகப் பேசியதால் மொழிபெயர்ப்பாளர் அழைக்கப்படவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது.