அசையாத மடி

கிலுகிலுப்பை ஒலித்தது. குழந்தை சட்டென்று திரும்பியது.

வகுப்பில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. பாடம் நடத்திக்கொண்டிருந்த அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. மடியில் இருந்த மகளின் உச்சந்தலையில் முத்தம் வைத்தாள்.

குழந்தைகள் நல மருத்துவத்தில் மேற்படிப்புக்கு வந்தவர்களுக்கு நோயை மட்டும் காட்டினால் போதாது. நன்றாக வளரும் குழந்தை எப்படி இருக்கும் என்று முதலில் காட்ட வேண்டும். அதற்கு ஒரு குழந்தைக்கு எங்கே போவது? துறையில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் தீர்ந்தது. பல் முளைப்பதற்குள் அது பாடம் நடத்த வந்துவிடும்.

இந்த வருடம் அவள் மகள் மகிழினி மாட்டிக்கொண்டாள். பத்து மாதம்.

காது கேட்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை. தாயின் மடியில் குழந்தை. எதிரே ஒருவர் மண்டியிட்டுப் பொம்மை காட்டி அதன் கவனத்தைப் பிடித்துவைப்பார். பொம்மையை மறைத்ததும், பின்னால் இன்னொருவர் குழந்தையின் கண்ணில் படாமல் காதோரம் சத்தம் எழுப்புவார். திரும்பினால் கேட்கிறது என்று அர்த்தம்.

இதை அவளைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க அந்தக் கல்லூரியில் ஆள் இல்லை. காது கேளாத குழந்தைகளை வீட்டார் ஏன் இவ்வளவு தாமதமாகக் கூட்டி வருகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதைப் பற்றி டெல்லிவரை போய்ப் பேசிவிட்டு வந்தவள்.

"மேடம்..."

பொம்மையோடு மண்டியிட்டிருந்த பிரிசில்லா. வகுப்பில் வாயைத் திறப்பதே அபூர்வம்.

"சாரி மேடம். பாப்பா திரும்புறதுக்கு முன்னாடி நீங்க திரும்பிட்டீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். கோபம் வரவில்லை, சொல்லப்போனால் சந்தோஷம்தான். சத்தம் வந்த பக்கம் தாயின் உடம்பு லேசாகச் சாய்ந்தாலே போதும், குழந்தையும் கூடவே திரும்பிவிடும். சோதனை கெட்டது. நேற்று முழுக்க அவள் தொண்டை கிழியச் சொன்ன விஷயம் அது. ஒருத்தியாவது கவனித்திருக்கிறாளே.

"வெரி குட். மறுபடி பண்ணுங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். மகளின் இடுப்பைப் பிடித்தபடி, மூச்சைக்கூட அடக்கி உட்கார்ந்தாள்.

கிலுகிலுப்பை ஒலித்தது.

மடியில் அசைவில்லை.

மறுபடி ஒலித்தது. இன்னும் பக்கத்தில்.

மடியில் அசைவில்லை.

கண்ணைத் திறந்தாள்.

மகிழினி பிரிசில்லாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பொம்மை எங்கே போயிற்று என்று. பின்னால் நின்ற மாணவன் மறுபக்கக் காதுக்குப் போனான். முகம் வெளுத்துப்போய், விடாமல் ஆட்டினான். அந்தச் சத்தத்துக்கு வராந்தாவில் போன நர்ஸ்கூட எட்டிப் பார்த்தார்.

குழந்தை பார்க்கவில்லை.

அவள் மகளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"தூக்கம் வருது போல இவளுக்கு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எதிரில் வந்து உட்காரும் ஒவ்வொரு தாயும் முதலில் சொல்வது இதைத்தான். அவர்களை எப்படியெல்லாம் கடிந்துகொண்டிருக்கிறாள். நாள் முழுக்கப் பிள்ளையோடதானே இருக்கீங்க, இதுகூடவா தெரியல என்று.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் சரவெடி வெடித்தார்கள். மகிழினி புரண்டுகூடப் படுக்கவில்லை. என்ன தூக்கம், எவ்வளவு தங்கமான பிள்ளை என்று போனில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

பிறந்ததும் செய்யும் காதுப் பரிசோதனைக்கு அன்றைக்கு என்று பார்த்து இயந்திரம் பழுது. நம் துறைதானே, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டாள்.

வாசல் மணி அடித்தால் அவள் திரும்புவாள். இடுப்பில் இருந்தபடி மகிழினியும் திரும்புவாள். குக்கர் விசில் அடித்தாலும் அப்படித்தான். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டாலும் அப்படித்தான். அப்பாவின் சத்தம் எப்படித் தெரிந்துவைத்திருக்கிறாள் பார் என்று இருவரும் பூரித்துப்போவார்கள்.

திரும்பியது எப்போதும் அவள்தான்.

"மகிழ்," என்றாள்.

இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"மகிழ்! மகிழ்க்குட்டி!"

வகுப்பே நிமிர்ந்து பார்த்தது. மகிழினி மட்டும் அம்மாவின் புடவை முந்தானையை எடுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

கூப்பிடும்போதும் தன் உடம்பு முன்னால் சாயாமல் பார்த்துக்கொண்டதை நினைத்து அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது. இந்த நிலையிலும் சோதனையைச் சரியாகச் செய்கிறாளாம்.

இருபது மாணவர்களும் தரையைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லி வகுப்பை முடிக்க வேண்டும். இதற்கு அடுத்து என்ன செய்ய வேண்டும், எந்தப் பரிசோதனைக்கு எழுத வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இப்போது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கை மட்டும் மகளின் காது மடலை வருடிக்கொண்டிருந்தது.

பிரிசில்லா எழுந்தாள். மற்றவர்களைப் பார்த்துத் தலையை அசைத்தாள். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

பிறகு, புறநோயாளிப் பிரிவுக்கு வரும் தாய்மாரிடம் தினமும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"கூட யாராவது வந்திருக்காங்களாம்மா?"