யாரும் சாகாத ஆட்டம்

ஆட்டத்தில் முதலில் சாகிறவர் வேலையை விட்டுப் போவது என்று முடிவாயிற்று.

காணாமல்போன பார்சல்களுக்குப் பதில் சொல்லும் பிரிவில் இருந்தது நாலே பேர். அதில் ஒருவர் போக வேண்டும். யார் என்று நீங்களே பேசி, சாப்பாட்டு இடைவேளை முடிவதற்குள் பெயரைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாலு பேருக்கும் கணக்கு முடித்துவிடுகிறேன் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ள அவருக்கு மனசில்லை.

பேசிப் பார்த்தார்கள். பேச்சு அழுகையில் போய் நின்றது.

அதனால் கீழே கோடவுனுக்கு வந்து, தினமும் சாப்பிட்டுக்கொண்டே ஆடும் அதே ஆட்டத்தை விரித்தார்கள். யாரும் தேடி வராத ஏதோ ஒரு பார்சலில் இருந்தது அது. குகைப் படம் போட்ட அட்டை, பகடை, வீரன், மந்திரவாதி, திருடன் என்று குட்டிப் பொம்மைகள். வைத்தியச்சி பொம்மை மட்டும் எங்கோ தொலைந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு பேனா மூடி.

குகையில் இருக்கும் டிராகனை ஆட்டுவிப்பவர் கோடவுன்காரர். அவர் வேறு பிரிவு. யார் செத்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை.

பேனா மூடி, நாலு பேரில் ஒருத்தியான அக்காவுடையது.

வைத்தியச்சியாக இருக்க யாருக்கும் இஷ்டம் கிடையாது. கத்தி இல்லை, மந்திரம் இல்லை. தன் உயிர்ப்புள்ளியை எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். அவளுக்கு யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணி. யாராவது ஒருத்தர் இருந்தாக வேண்டுமே என்று முதல் நாளே அக்காவின் தலையில் கட்டிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் அவளும் வாங்கிக்கொண்டாள்.

இன்றைக்கு அவளுக்கு நடந்த உபசாரத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

வீரனாக ஆடும் மூத்தவர், எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர், நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மந்திரவாதியாக ஆடும் கண்ணாடிக்காரி விசிறிவிடாத குறைதான். திருடனாக ஆடும் ஒல்லி, தினமும் அவள் டப்பாவில் உரிமையோடு கைவைக்கிறவன், இன்றைக்குத் தன் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினான்.

அக்காவுக்கு உள்ளூரக் குளிர்ந்துதான் போயிற்று. அவளிடம் யார் இதுவரை எதைக் கெஞ்சியிருக்கிறார்கள்?

பயமும் இருந்தது. வீட்டில் சம்பாதிக்கிறது அவள் ஒருத்திதான். ஆனால் டிராகன் எதிரே நிற்பவரைத்தான் கடிக்கும். பேனா மூடி எப்போதும் கடைசிக் கட்டத்தில், சுவரை ஒட்டி. அங்கே நிற்கும்வரை அவளுக்கு ஆபத்தில்லை. மற்ற மூவரில் யாரோ ஒருவர் சாவார்.

முதல் கடி வீரனுக்கு. ஏறக்குறைய முடிந்தது கதை. மூத்தவர் அவளையே பார்த்தார். கொடுத்தாள்.

அடுத்த கடி மந்திரவாதிக்கு. கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்தாள், மாட்டவேயில்லை. அவளுக்கும் கொடுத்தாள்.

சும்மா இருந்திருந்தாலே போதும், விவகாரம் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் பழகிய கை. யாராவது விழப்போனால் தானாக நீண்டது. புள்ளி இருந்தும் கொடுக்காமல் ஒருவரைச் சாகவிட்ட பாவம் நமக்கு எதற்கு என்று வேறு நினைத்துக்கொண்டாள்.

திருடனை டிராகன் கவ்வியது.

"அக்கா..." என்றான் ஒல்லி.

ஒரே ஒரு புள்ளியைத் தனக்கு வைத்துக்கொண்டு, மிச்சம் அத்தனையையும் அவனிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்து மூத்தவர் வெட்டினார். டிராகன் செத்தது.

"ஐயோ, யாருமே சாகல!" அக்கா சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

வேறு யாரும் கைதட்டவில்லை.

மேலே மேனேஜர் அறையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சாப்பிட்டு முடித்துவிட்டார் போலிருக்கிறது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொல்வதற்குப் பெயர் இல்லை என்றால் நாலு பேருமே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கோடவுன்காரர் பொம்மைகளைப் பெட்டியில் எடுத்துவைக்கப் போனார்.

"இருங்க, என் முறை பாக்கி இருக்கு" என்றான் ஒல்லி.

திருடனைக் கட்டம் கட்டமாகப் பின்னால் நகர்த்திக்கொண்டு வந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்ன ஆனாலும் சேர்ந்தே போவோம் என்று தன்னோடு வந்து நிற்கப்போகிறான் என்று அக்கா நினைத்தாள். இடம் போதாதே என்று பேனா மூடியை ஒரு கட்டம் முன்னால் தள்ளி வைத்தாள்.

அவன் பொம்மையை அவளுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

பின்னாலிருந்து குத்தினால் திருடன் பகடை உருட்ட வேண்டியதில்லை, குத்து தப்பாது. அது விதி.

கூட்டாளியைக் குத்தலாமா என்று கோடவுன்காரர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். கண்ணாடிக்காரி தன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூத்தவர் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார். அங்கேயே நின்று திரும்பினார்.

"ஏம்மா, உன் முழுப் பேரு என்ன? எல்லாரும் அக்கா அக்கான்னே கூப்பிட்டுப் பழகிடுச்சு."

அவள் சொன்னாள்.

காதில் விழவில்லை என்று அவர் கையை ஆட்டினார்.

இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.