மூடாத குழி

மண் ஈரமாக இருந்தது.

மழை பெய்து மாதக்கணக்கில் ஆகிறது. ஓடையில்கூட மணல்தான் கிடந்தது. ஆனால் இந்தக் காய்ந்த வள்ளிக்கொடியின் அடியில் மட்டும் மண் கறுத்து, குளிர்ந்து, யாரோ இப்போதுதான் குவித்துத் தட்டிவிட்டுப் போனதுபோல இருந்தது.

அவள் குந்தியபடியே சரிவை நிமிர்ந்து பார்த்தாள்.

மரத்துக்கு மரம் கொடி ஏறியிருந்தது.

இருக்கக் கூடாது.

இரண்டு கோடைக்கு முன்னால் இந்தச் சரிவை அவள் புருஷன் அடியோடு வழித்தெடுத்திருந்தான். காட்டுவள்ளிக் கிழங்கைத் தோண்டினால், கொடியோடு ஒட்டிய தலையை அறுத்துக் குழிக்குள்ளேயே வைத்து, மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் தட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். அடுத்த மழைக்கு அது முளைக்கும். குடியிருப்பில் சின்னப் பிள்ளைகள்கூட அதை மறக்காது. அவன் மட்டும் செய்ததில்லை. மூடுகிற நேரத்தில் இன்னொன்று தோண்டலாம் என்பான். தலைகளை வெயிலில் வீசிவிடுவான். கேட்டால் சிரிப்பான்.

"அது தானா மூடிக்கும்."

ஒருநாள் காலையில் இங்கே வந்தவன் திரும்பவில்லை. தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது அவனுடைய தோண்டுகோல் மட்டும். திறந்து கிடந்த ஒரு குழிக்குள் நட்டபடி நின்றதாம்.

அந்தக் கோல்தான் இப்போது அவள் கையில்.

வேறு வழியில்லை. போன மழைக்காலத்தில் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதிலிருந்து ரேஷன் அரிசி மலைக்கு மேலே வருவதில்லை. பக்கத்துச் சரிவுகளில் தோண்ட ஒன்றும் மிச்சமில்லை. வீட்டில் மகள் பிள்ளை பெற்றுக் கிடக்கிறாள். நேற்று முழுக்க வெந்நீர்தான் குடித்தாள். பிள்ளை மார்பைச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு, இப்போது அழுவதையும் விட்டுவிட்டது.

"எங்கண்ணன் வழிச்ச எடம் மதினி. எறும்புகூடப் பட்டினி கெடக்கும்" என்று வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டு வந்தாள் நாத்தனார் பூவாயி.

கொடிகளைப் பார்த்ததும் பூவாயி குரலைத் தாழ்த்தினாள்.

"நமக்கு முன்னால யாரோ வந்திருக்காக மதினி."

அவள் மண்மேல் பதிந்திருந்த கைத்தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண் கை. கட்டைவிரல். ஆள்காட்டிவிரல். நடுவிரல். பிறகு ஓர் இடைவெளி. அதற்கப்பால் சுண்டுவிரல்.

அவள் புருஷனுக்குக் கல்யாணத்துக்கு முன்பே, மூங்கில் வெட்டும்போது போன விரல். அவன் அவள் தலையைக் கோதிவிடும்போது அந்த இடைவெளியில் மட்டும் முடி நழுவும்.

அடுத்த கொடிக்குப் போனாள். அதன் அடியிலும் அதே கை.

அதற்கடுத்ததிலும்.

பூவாயியும் பார்த்துவிட்டாள்.

"வேணாம் மதினி. போயிருவோம்."

"போயி? பிள்ளைக்கு நீ பால் குடுப்பியா?"

பூவாயி சாக்கை உதறி விரித்தாள்.

அவள் கோலை ஊன்றினாள். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. மண் விலகிக் கொடுத்தது. கிழங்கு தொடை பருமனில் வெளியே வந்தது.

அவள் தோண்டிக்கொண்டே போனாள். பின்னால் பூவாயி மூடிக்கொண்டே வந்தாள். காலால்தான் மண்ணைத் தள்ளினாள். கையை வைக்கவில்லை.

சாக்கு நிறைந்தது. மகள் பத்து நாள் வயிறாறச் சாப்பிடலாம்.

கடைசிக் குழி. தலையை அறுத்து உள்ளே வைத்தாள். மண்ணைத் தள்ளப்போன பூவாயியின் காலைக் கோலால் மறித்தாள்.

"மூட வேணாமா மதினி?"

"அது தானா மூடிக்கும்."

சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். பூவாயி திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

ஓடை வளைவுக்கு வந்தபோது மேலேயிருந்து கேட்டது.

உள்ளங்கையால் மண்ணைத் தட்டும் சத்தம். அவசரமில்லாமல். ஒவ்வொன்றாக.

பூவாயி ஓடத் தொடங்கினாள்.

"நில்லு."

பூவாயி நின்றாள். அவள் வந்து சாக்கை இறக்கி, பூவாயி தலையில் சும்மாட்டை வைத்து, அதன்மேல் ஏற்றினாள். சரியாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தாள்.

"மொதல்ல அவளுக்குக் குழைய வேகவச்சுக் குடு."

சரிவில் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

அவள் சரிவில் திரும்ப ஏறியபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடியை அவிழ்த்துவிட்டாள்.