பதினேழாம் கட்டம்

மின்விசிறியை அணைத்துவிட்டு வாசித்ததில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பதிவு முடிந்துவிட்டது. இனி விசிறியைப் போடலாம்.

போடத் தோன்றவில்லை.

கணினித் திரையின் மேல்பாதியில் அவனுடைய கித்தாரின் ஒலி, குண்டும் ஒல்லியுமாக நீண்டு கிடந்தது. கீழ்ப்பாதியில் ஆறு கம்பிகளுக்கு ஆறு கோடுகள். கோடுகளின் மேல் எண்கள். எந்தக் கம்பியில் எங்கே விரல் வைக்க வேண்டும் என்று அந்த எண்கள் சொல்லும்.

மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பாட்டு சிறு சிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஒலியில் எங்கே தொடங்குகிறது என்று காது வைத்துக் கேட்டு, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வைத்ததும், அந்தக் கட்டத்தை என்ன வேகத்தில் வாசித்தான் என்று மென்பொருள் சொல்லிவிடும்.

சனிக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. இரண்டு கித்தாரோடு வாசிப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறான். இரண்டாவது கித்தாருக்கு ஜெபஸ்டின் என்று ஒருவர், மின்வாரியத்தில் வேலை, ஆள் புதிது. இதை அனுப்பினால் வீட்டில் வைத்துப் பழகிக்கொள்வார்.

இத்தனை வருடமும் இரண்டாவது கித்தார் செலினா. அவனுடைய மனைவி.

திருச்சியில் அக்கா வீட்டுக்குப் போனாள். இனி வரவில்லை என்று அங்கிருந்து போனில் சொன்னாள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பெரிய சண்டையாக இருந்திருந்தால் யாராவது வந்து பேசித் தீர்த்திருப்பார்கள்.

புள்ளிகளை வைத்துக்கொண்டே போனான்.

தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. தொண்ணூறு.

கை இன்னும் கெட்டுப்போகவில்லை என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பதினேழாம் கட்டத்தில் எழுபத்தெட்டு.

பதினெட்டில் மறுபடியும் தொண்ணூறு.

புள்ளியைத் தப்பாக வைத்துவிட்டோம் என்று அழித்துவிட்டு மறுபடி வைத்தான். எழுபத்தெட்டு. எண்களை எழுதியதில் பிழையோ என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். பிழை இல்லை. மென்பொருளின் மேல் சந்தேகம் வந்தது. தன்னைத் தவிர எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்த பிறகு, கித்தாரை எடுத்து மடியில் வைத்தான்.

இந்த முறை காதில் தாளக்கருவியின் டிக் டிக் சத்தத்தை மாட்டிக்கொண்டான். பதினாறு வரை அதோடு ஒட்டிப் போனான்.

பதினேழில் டிக் டிக் அவனை விட்டுவிட்டு முன்னால் போனது.

அவன் கையை எடுத்தான்.

பதினேழு வரை அவன் மட்டும் வாசிப்பான். பதினெட்டின் தொடக்கத்தில் செலினா நுழைவாள், கித்தார் கழுத்தின் கீழ்க்கோடியில், உச்ச சுரத்தில். அதற்குக் குனிய வேண்டும். குனிந்தால் மூக்குக்கண்ணாடி சரியும். அதை விரலால் மேலே தள்ளிவிட்டுத்தான் அவள் கை கம்பிக்கு வரும். எந்த மேடையிலும் இது தவறியதில்லை.

எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். கண்ணாடி ஃபிரேமை மாற்று, கயிறு கட்டு, இல்லாவிட்டால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாசி. உன்னால்தான் தாளம் கெடுகிறது என்று ஒருமுறை கல்யாண வீட்டிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி.

அவள் சிரித்தாள். கண்ணாடியை மேலே தள்ளினாள்.

வீட்டில் யாரும் இல்லை. விசிறிகூட ஓடவில்லை. ஆனால் அவன் கை பதினேழில் நின்று, ஒரு கண்ணாடி மேலே ஏறும்வரை பொறுத்திருந்துவிட்டுப் போகிறது.

மென்பொருளுக்கு இங்கிதம் கிடையாது. எழுபத்தெட்டு என்று போட்டுவிட்டுச் சும்மா இருந்தது.

சீராக்கு என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினான்.

பதினேழும் தொண்ணூறு ஆனது. ஓடவிட்டுக் கேட்டான். எந்தக் குறையும் இல்லை. ஜெபஸ்டின் சிரமமில்லாமல் பழகிக்கொள்வார். சனிக்கிழமை நேரத்துக்கு நுழைவார். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு தடவை கேட்டான்.

அழுகை வந்தது. ஒரு கட்டத்துக்குப் போய் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அழுதான்.

பிறகு, செய்ததை ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினான். எழுபத்தெட்டு திரும்பி வந்தது. அப்படியே அனுப்பிவிட்டான்.

சட்டையை மாற்றினான். காபி போட்டான். சர்க்கரை டப்பா காலி. வாங்கி வரச் சொல்லவும் ஆள் இல்லை, வாங்கவில்லையா என்று கேட்கவும் ஆள் இல்லை. சர்க்கரை இல்லாமலே குடித்தான்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஜெபஸ்டினிடமிருந்து குரல் செய்தி வந்தது.

“அண்ணாச்சி, எல்லாம் நல்லா வருது. பதினேழாவது கட்டத்துல மட்டும் செத்த நின்னு போறீயளே. அங்க எனக்கு ஒண்ணும் எழுதல. நான் என்னத்த செய்ய?”

போனை வாயருகே கொண்டுபோய் ஒரு பதிலைப் பதிவு செய்தான். அழித்தான். மறுபடி கொண்டுபோனான்.

“அங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், தம்பி.”

பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.

“நீங்க கண்ணாடி போடுவியளா?”